பழைய போர் விளையாட்டைச் சாளரத்தில் திறந்தால் கீழ்ப்பலகை மறைகிறது; சேமித்த வரைபடத்தையும் காணவில்லை

தகடூர்வாசி, பென்னாகரம்:

அனைவருக்கும் வணக்கம். நான் பென்னாகரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். 1999-இல் வெளிவந்த ஏஜ் ஆஃப் எம்பையர்ஸ் இரண்டாம் பாகமும், மறு ஆண்டு அதற்கு வந்த கான்கரர்ஸ் இணைப்பும் குறுந்தகடாகவே என்னிடம் இருக்கின்றன. தருமபுரியில் கல்லூரியில் படித்த நாள்களில், நான்கு ரோட்டுக்கு அருகே இருந்த பிரவுசிங் சென்டரில் மதியச் சாப்பாட்டுக் காசைக் கொடுத்து ஆடிய விளையாட்டு அது. இப்போது ஆடுவதற்காக அதைத் தேடவில்லை. அதிலுள்ள வரைபடம் அமைக்கும் வசதியைக் கொண்டு தகடூர் முற்றுகையை உருவாக்கி வருகிறேன். அதியமான் நெடுமான் அஞ்சியின் கோட்டையைப் பெருஞ்சேரல் இரும்பொறை முற்றுகையிட்டு வென்றான் என்பதும், அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி என்பதும் பிள்ளைகளுக்கு ஒரு வரியாகவே போய்ச் சேருகின்றன. மதிலையும் வாயிலையும் யானைப்படையையும் கண்ணால் பார்த்தால் மனத்தில் நிற்கும் என்று நினைத்தேன். சேரர் யானைகளுக்குப் பாரசீகரின் போர் யானைகளையே வைத்திருக்கிறேன். இதை அறிஞர்கள் மன்னிக்க வேண்டும்.

என்னிடம் இருப்பது 1366-க்கு 768 பிக்சல் திரையும் 4 ஜிபி நினைவகமும் கொண்ட பழைய மடிக்கணினி; விண்டோஸ் 10 நிறுவப்பட்டுள்ளது. முழுத்திரையில் ஆடினால் படம் பக்கவாட்டில் இழுபட்டு, குதிரைகள் எல்லாம் எருமைகளைப் போலத் தடித்துத் தெரிகின்றன. நடுவில் ஆல்ட், டேப் விசைகளை அழுத்திக் குறிப்புகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் சில வேளைகளில் திரை கறுத்தே கிடக்கிறது. ஆகவே ஒரு பக்கம் விளையாட்டும் மறுபக்கம் குறிப்பும் இருக்கும்படி சாளர முறையில் ஓட்ட விரும்பினேன். இணையத்தில் பலரும் பரிந்துரைத்த சி.என்.சி. டிடிரா என்ற சிறு கோப்பை இறக்கி, விளையாட்டின் கோப்புறையில் போட்டேன். மூல விளையாட்டு சாளரத்தில் திறக்கிறது. கான்கரர்ஸ் மட்டும் அசையாமல் முழுத்திரையிலேயே திறக்கிறது. மூல விளையாட்டிலும் 1024-க்கு 768 என்று வைத்தால், கட்டளைப் பொத்தான்கள் உள்ள கீழ்ப்பலகை டாஸ்க்பாருக்குப் பின்னே போய் ஒளிந்துகொள்கிறது. எழுத்துகள் பெரிதாகத் தெரிவதற்காகத் திரை அளவீட்டை 125 விழுக்காடு வைத்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இவை போதாதென்று, தெரிந்த கடைக்காரர் ஒருவர் கான்கரர்ஸ் குறுக்குவழியின் (ஷார்ட்கட்) பண்புகளுக்குள் போய், எக்ஸ்பி இணக்கம், 256 நிறம், 640-க்கு 480, நிர்வாகியாக இயக்கு என்று கண்ணில் பட்ட பெட்டியை எல்லாம் டிக் செய்துவிட்டார். அதன்பின் வரைபடப் பட்டியலைத் திறந்தால் என் தகடூர் அங்கே இல்லை. இரண்டு வார உழைப்பு. முதலில் அதை மீட்க வழி உண்டா என்று சொல்லுங்கள், மற்றவை பிறகு.

பாலக்கோடு தக்காளி:

ஐயா, 2019-இல் இதே விளையாட்டின் டெஃபினிட்டிவ் எடிஷன் வந்துவிட்டது. அகலத்திரை, சாளரம் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. பழையதோடு மல்லுக்கட்டுவதைவிட அதை வாங்கிவிடுவது நிம்மதி.

தகடூர்வாசி, பென்னாகரம்:

அன்புக்கு நன்றி. தனி வீடியோ கார்டு இல்லாத இந்த மடிக்கணினியில் அது நகரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. மேலும் பள்ளியில் உள்ள கணினி இதைவிடப் பழையது. அங்கும் இது ஓட வேண்டும்.

ஓசூர் இரவுப்பணி:

ஐயா, வணக்கம். உங்கள் வரைபடம் அழியவில்லை என்றே உறுதியாக நினைக்கிறேன். ஆகவே எதையும் நீக்கவோ மீண்டும் நிறுவவோ வேண்டாம். முதலில் இதைச் செய்யுங்கள்.

விளையாட்டு புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் நிறுவப்பட்டிருக்கும். விண்டோஸ் விஸ்டா பதிப்பிலிருந்து, சாதாரணப் பயனராக இயங்கும் நிரல் எதுவும் அந்தக் கோப்புறைக்குள் எழுத விண்டோஸ் அனுமதிப்பதில்லை. ஆனால் 1999-இல் எழுதப்பட்ட நிரலுக்கு அந்தக் கட்டுப்பாடு தெரியாது. தன் கோப்புறைக்குள்ளேயே சேமிக்க முயலும். அது முறிந்துபோகாமல் இருக்க, விண்டோஸ் அந்தக் கோப்பை ஓசையின்றி விர்ச்சுவல்ஸ்டோர் என்ற வேறொரு கோப்புறையில் வைத்துவிட்டு, நிரல் கேட்கும்போது அங்கிருந்தே எடுத்துக் கொடுக்கிறது. இரண்டு வாரமும் உங்கள் தகடூர் அங்கேதான் சேமிக்கப்பட்டு வந்தது. கடைக்காரர் நிர்வாகியாக இயக்கு என்பதை டிக் செய்தவுடன் இந்த மாற்றுவழி நின்றுபோய், நிரல் உண்மையான கோப்புறையை நேரடியாகப் பார்க்கிறது; அங்கே உங்கள் கோப்பு இல்லை. நடந்தது இவ்வளவுதான்.

சி டிரைவில் பயனர்கள் கோப்புறை, அதனுள் உங்கள் பெயர், அதனுள் ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர், புரோகிராம் ஃபைல்ஸ் என்று இறங்கிச் செல்லுங்கள். ஆப்டேட்டா மறைக்கப்பட்ட கோப்புறை என்பதால், மேலே வியூ பட்டியலில் மறைந்தவற்றைக் காட்டு என்பதைத் தேர்ந்தால்தான் கண்ணில் படும். விளையாட்டின் பெயரிலுள்ள கோப்புறைக்குள் சினாரியோ என்று ஒன்று இருக்கும். அதிலுள்ள அனைத்தையும் பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, அதன்பின் மேலே படியுங்கள்.

அடுத்து, கடைக்காரர் இட்ட டிக் அனைத்தையும் எடுத்துவிடுங்கள். இணக்கப் பெட்டிகள் ஒவ்வொன்றும் விளையாட்டுக்கும் விண்டோஸுக்கும் இடையே ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்கார வைப்பது போன்றது. நீங்கள் இறக்கிய டிடிரா கோப்பும் அத்தகைய மொழிபெயர்ப்பாளர்தான். விளையாட்டு டைரக்ட்டிரா என்ற பழைய முறையில் படம் வரையச் சொல்கிறது; இந்தக் கோப்பு அந்தச் சொல்லை வழியிலேயே வாங்கிக்கொண்டு, ஓப்பன்ஜிஎல் அல்லது டைரக்ட்3டி 9 வழியாக இன்றைய வீடியோ இயக்கிக்குப் புரியும்படி வரைகிறது. ஒரே உரையாடலுக்கு இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தால் எவர் எதைச் சொன்னார் என்றே தெரியாமல் போகும். டிடிராவை வைத்துக்கொள்வதானால் 256 நிறம், 640-க்கு 480 போன்றவை தேவையே இல்லை.

கான்கரர்ஸ் ஏன் கேட்கவில்லை என்பதற்குக் காரணம் எளிது. மூல விளையாட்டின் இயங்கு கோப்பு முதன்மைக் கோப்புறையில் இருக்கிறது. கான்கரர்ஸின் இயங்கு கோப்போ அதற்குள் இருக்கும் ஏஜ்2 எக்ஸ்1 என்ற உட்கோப்புறையில் இருக்கிறது. ஒரு நிரல் தனக்குத் துணையான டிஎல்எல் கோப்பைத் தான் ஏற்றப்பட்ட கோப்புறையில்தான் முதலில் தேடும். அங்கே இல்லையென்றால் விண்டோஸின் சொந்த டிடிராவை எடுத்துக்கொள்ளும். ஆகவே டிஎல்எல் கோப்பையும் அதனுடன் வந்த, அமைப்புகள் எழுதப்பட்ட ஐஎன்ஐ கோப்பையும் அந்த உட்கோப்புறைக்குள் இன்னொரு பிரதியாகப் போடுங்கள். ஐஎன்ஐ கோப்பைப் பிரதி எடுக்க மறந்தால், மூல விளையாட்டுக்கு நீங்கள் வைத்த அமைப்பு எதுவும் கான்கரர்ஸுக்குப் பொருந்தாது.

இனி கீழ்ப்பலகைக்கு வருகிறேன். இது பழுதே அன்று, வெறும் கணக்கு. உங்கள் திரையின் உயரம் 768 பிக்சல். அதில் டாஸ்க்பார் 40 பிக்சலை எடுத்துக்கொள்கிறது. சாளரத்தின் தலைப்புப் பட்டை ஏறத்தாழ 30 எடுத்துக்கொள்கிறது. மிஞ்சுவது 700-க்கும் குறைவு. அதற்குள் 768 உயரமுள்ள படத்தை எப்படி வைத்தாலும் அடிப்பகுதி வெளியே போகும். 125 விழுக்காடு அளவீடு இதை இன்னும் கெடுக்கிறது. பழைய நிரலுக்கு அளவீடு பற்றித் தெரியாததால், விண்டோஸ் அதன் படத்தைத் தானே ஒன்றேகால் பங்காக ஊதிக் காட்டுகிறது; 1024-க்கு 768 என்பது 1280-க்கு 960 ஆகிவிடும். 800-க்கு 600 என்பதுகூட 1000-க்கு 750 ஆகும், அதுவும் அடங்காது.

எனவே விளையாடும் நேரத்தில் அளவீட்டை 100 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்து, விளையாட்டின் உள்ளே 800-க்கு 600 என்று தேர்ந்தெடுங்கள். படம் பிக்சலுக்குப் பிக்சல் கூர்மையாக இருக்கும். திரையில் வலப்பக்கம் 566 பிக்சல் மிஞ்சும். உங்கள் குறிப்புக்கு அது தாராளம். 1024-க்கு 768-தான் வேண்டும் என்றால், ஐஎன்ஐ கோப்பில் சாளர அகலத்தை 880, உயரத்தை 660 என்று எழுதலாம். விளையாட்டு தன் அளவிலேயே வரைய, டிடிரா அதைச் சுருக்கிக் காட்டும். இரண்டும் 4:3 என்பதால் உருவம் கோணாது. ஆனால் எழுத்துகள் சற்றே மங்கும். நானாக இருந்தால் 800-க்கு 600 வைப்பேன்.

குதிரை எருமையானதும் இதே கணக்குதான். 1024 பிக்சல் அகலப் படத்தை 1366-க்கு இழுத்தால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தடிக்கும். முழுத்திரையே வேண்டும் என்றால், ஐஎன்ஐ கோப்பில் விகிதத்தைக் காக்கும் வரியை ட்ரூ என்று மாற்றுங்கள். இரு புறமும் கறுப்புப் பட்டையோடு குதிரை குதிரையாகவே தெரியும். சாளரம், முழுத்திரை ஆகிய இரண்டு வரிகளையும் ட்ரூ என்று வைத்தால், ஓரமில்லாத சாளரமாகத் திரை முழுவதையும் நிரப்பும். ஆல்ட், டேப் அழுத்தித் திரும்பினாலும் திரை கறுக்காது.

சாளரத்துக்குள் ஒரு முறை சொடுக்கினால் மௌஸ் அம்பு உள்ளேயே பூட்டப்படும். விளிம்பைத் தொட்டு வரைபடத்தை நகர்த்துவதற்கு அது தேவை. வெளியே வர கன்ட்ரோல், டேப். சாளரத்துக்கும் முழுத்திரைக்கும் மாற ஆல்ட், என்டர்.

எல்லாம் சரியானபின், விளையாட்டை நீக்கிவிட்டு சி டிரைவில் நேரடியாக ஒரு புதிய கோப்புறையில் நிறுவிக்கொள்வது நல்லது. புரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளியே இருந்தால் இந்த ஒளிந்து சேமிக்கும் வேலையே நடக்காது.

மாங்காய் மண்டி, கிருஷ்ணகிரி:

ஓசூர் நண்பர் சொன்னதில் எனக்குப் பெரிதும் உடன்பாடே. 800-க்கு 600 என்ற யோசனையில் மட்டும் வேறுபடுகிறேன். அந்த அளவில் வரைபடம் அமைப்பது, சன்னல் இடுக்கு வழியாகத் தேர் பார்ப்பது போன்றது; மதிலின் ஒரு மூலை தெரியும்போது மறு மூலை தெரியாது. 100 விழுக்காட்டில் எழுத்தும் எறும்பு போல ஆகிவிடும். ஆசிரியர் 125 வைத்திருப்பது காரணமில்லாமல் இருக்காது.

என் யோசனை செலவு குறைந்தது. அலுவலகங்கள் கழித்துக் கட்டும் 17 அங்குலச் சதுர எல்சிடி மானிட்டர்கள் பழைய கணினிக் கடைகளில் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. பெரும்பாலானவற்றின் சொந்த அளவு 1280-க்கு 1024. இந்த விளையாட்டு தரும் மிகப் பெரிய அளவும் அதுவேதான். அந்த மானிட்டரில் முழுத்திரையாக ஓட்டினால் இழுபடவும் வேண்டாம், கறுப்புப் பட்டையும் வேண்டாம். ஒவ்வொரு பிக்சலும் தனக்குரிய இடத்தில் உட்காரும். குறிப்புகள் மடிக்கணினியின் சொந்தத் திரையில், 125 விழுக்காட்டிலேயே இருக்கட்டும். விளையாட்டு முதன்மைத் திரையில்தான் திறக்கும் என்பதால், மானிட்டரை முதன்மைத் திரையாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அப்போதும் டிடிரா இருப்பது நல்லது. இல்லாவிட்டால் ஓரத்தைத் தொடும் மௌஸ் அம்பு பக்கத்துத் திரைக்குத் தாவிவிடும்.

பள்ளிக் கணினி இதைவிடப் பழையது என்று எழுதியிருந்தீர்கள். அதில் விண்டோஸ் 7 இருந்தால் வேறொரு தொல்லைக்கும் தயாராக இருங்கள். புல்வெளி ஊதா நிறமாகும். தண்ணீரில் சிவப்புப் புள்ளிகள் மிதக்கும். பத்தாண்டுகளுக்கு முன் என் கணினியில் இதைப் பார்த்து, வீடியோ கார்டு போய்விட்டது என்று நம்பி, மண்டிக் கணக்குப் பார்க்கும் கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடியவன் நான். உண்மையில் எதுவும் போகவில்லை. இந்த விளையாட்டு 8 பிட் நிறத்தில் எழுதப்பட்டது. ஒவ்வொரு பிக்சலிலும் நிறம் இருப்பதில்லை. 0 முதல் 255 வரையிலான ஓர் எண்தான் இருக்கும். எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பதைத் தனியே ஓர் அட்டவணை சொல்லும். விளையாட்டு ஓடும்போதே விண்டோஸ் 7-இன் எக்ஸ்புளோரர் (டாஸ்க்பாரையும் கோப்புறைகளையும் காட்டும் நிரல்) குறுக்கே வந்து, அந்த அட்டவணையில் சில இடங்களைத் தன் நிறங்களால் நிரப்பிவிடும். புல்லுக்கு உரிய எண் மாறவில்லை. அந்த எண்ணுக்கு உரிய நிறம்தான் மாறிவிட்டது. எங்கள் மண்டியில் கூடைச் சீட்டு எண்ணை வைத்து விவசாயி பெயரைத் தேடும் நோட்டில் யாரோ நாலு பெயரை அடித்து மாற்றி எழுதியது போல.

அந்தக் காலத்தில் டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்புளோரரை நிறுத்திவிட்டு ஆடுவோம். அல்லது திரை அளவை மாற்றும் சாளரத்தைத் திறந்து அப்படியே வைத்துவிட்டு விளையாட்டைத் தொடங்குவோம். பின்னது கேட்பதற்குச் சிரிப்பாக இருந்தாலும் வேலை செய்தது. டிடிரா இருந்தால் இரண்டும் வேண்டாம். அந்த நிற அட்டவணையை அது தன் கையிலேயே வைத்துக்கொள்கிறது. கோப்பை அதை உருவாக்கியவரின் கிட்ஹப் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். டிஎல்எல் கோப்புகளை அள்ளித் தரும் தளங்களிலிருந்து எடுத்து, வைரஸைக் கூடவே கூட்டி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

யூசர்பேட்ச் என்ற திருத்தத்திலும் அகலத்திரையும் சாளர முறையும் உண்டு. அதைப் போடுவதானால் சாளர வேலையை அதனிடமோ டிடிராவிடமோ ஒன்றிடம் மட்டும் ஒப்படையுங்கள்.

தகடூர்வாசி, பென்னாகரம்:

இருவருக்கும் என் நன்றி. தகடூர் கிடைத்துவிட்டது. விர்ச்சுவல்ஸ்டோரைத் திறந்தபோது அதனுள் பதினொரு கோப்புகள் இருந்தன. நான் தவறுதலாக அழித்துவிட்டதாக நினைத்திருந்த, கோட்டைக்குத் தெற்கே ஏரி வைத்த முதல் வரைவும் அவற்றில் ஒன்று. பென்டிரைவில் ஒரு பிரதியும், மகளின் கணினியில் ஒரு பிரதியும் எடுத்த பிறகுதான் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன்.

டிக் அனைத்தையும் எடுத்துவிட்டு, டிடிராவை உட்கோப்புறையில் போட்டவுடன் கான்கரர்ஸ் முதல் முறையிலேயே சாளரத்தில் திறந்தது. 100 விழுக்காட்டில் 800-க்கு 600 வைத்துப் பார்த்தேன். படம் மிகக் கூர்மையாக இருக்கிறது; ஆனால் கிருஷ்ணகிரி நண்பர் சொன்னபடி, வெள்ளெழுத்துக் கண்ணாடியோடும் குறிப்புகளைப் படிக்க முடியவில்லை. இப்போதைக்கு 880-க்கு 660 என்று வைத்திருக்கிறேன். எழுத்தின் மங்கல் எனக்கு உறுத்தவில்லை; மதில் முழுவதும் தெரிகிறது. குறிப்புகளைத் தாளில் அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை தருமபுரிக்குப் போகும்போது சதுர மானிட்டரை விசாரிப்பேன்.

கடைசியாக ஒரு கேள்வி. பள்ளியின் புரொஜெக்டரில் காட்டும்போது எந்த அளவு வைக்க வேண்டும்? அதன் அடிப்பக்கச் சீட்டில் எக்ஸ்ஜிஏ என்று எழுதியிருக்கிறது.

ஓசூர் இரவுப்பணி:

எக்ஸ்ஜிஏ என்றால் 1024-க்கு 768, அதாவது விளையாட்டின் நடு அளவு அப்படியே. அங்கே சாளரமும் வேண்டாம், சுருக்கமும் வேண்டாம். விண்டோஸ் விசையுடன் பி எழுத்தை அழுத்தி, இரண்டாம் திரை மட்டும் என்பதைத் தேர்ந்துகொண்டு, அளவீடு 100 விழுக்காட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முழுத்திரையாகத் திறங்கள். இரு திரைகளிலும் ஒரே படத்தைக் காட்டும் தேர்வை மட்டும் தவிர்த்துவிடுங்கள். 1366 அகலத் திரைக்கும் 1024 அகல புரொஜெக்டருக்கும் பொதுவான அளவைத் தேடி, விண்டோஸ் ஏதாவது ஒன்றை இழுத்துவிடும். பிள்ளைகள் பார்க்கும்போது குதிரை மறுபடி எருமையாகிவிடக் கூடாது.